நடந்து நடந்து அமுங்கிப்போன கார்பெட்: படுத்த நூலை நிமிர்த்த ஒரு முழுமையான வழிகாட்டி

கூடத்தில் விரித்த கார்பெட்டில் வாசலிலிருந்து சோபா வரைக்கும் ஒரு தடம் விழுந்திருக்கும். அந்த இடத்தில் மட்டும் நூல்கள் படுத்துக் கிடக்கும், நிறமும் மங்கித் தெரியும். இதைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் வாளியில் சோப்புத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு பிரஷோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களும் முதல் நாளில் அதையேதான் செய்கிறார்கள். அன்றைக்குப் பார்க்கச் சுத்தமாக இருக்கும். சில வாரங்களில் தடம் முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும்.

காரணம், வரிசை மாறிப்போனதுதான். முதலில் இது என்ன நூல், என்ன பாதிப்பு என்று அடையாளம் காண வேண்டும். அடுத்து உலர்ந்த மண்ணை எடுக்க வேண்டும். அதற்குப் பிறகே தண்ணீர், கடைசியில் நிமிர்த்தல். இதில் எதை முன்னே பின்னே மாற்றினாலும் கார்பெட்டின் ஆயுள்தான் குறைகிறது.

நிமிர்ந்து நிற்கும் நூல் முனைகளை, அதாவது பைலைக் கொண்ட கார்பெட்டுகளுக்கு மட்டுமே இந்த வழிகாட்டி. பவானி ஜமக்காளம் மாதிரி தட்டையாக நெய்த விரிப்புகளில் பைல் கிடையாது, அதனால் இந்தச் சிக்கலும் கிடையாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சுழலும் பிரஷ் உள்ள வேக்குவம் கிளீனர். அந்தப் பிரஷைத் தனியாக நிறுத்தும் வசதி இருக்க வேண்டும், ஏன் என்பது ஐந்தாம் பகுதியில் வரும். அதோடு டார்ச், சின்ன ஸ்கேல், வெள்ளைப் பருத்தித் துணிகள், தண்ணீர் தெளிக்கும் பாட்டில், நீராவி இஸ்திரிப் பெட்டி, ஓரளவு விறைப்பான நைலான் பிரஷ், மேசை விசிறி, ஒரு கண்ணாடி டம்ளர், கத்தரிக்கோல், தீப்பெட்டி, இடுக்கி.

துணி வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். சாயத்துணியை ஈரத்தோடு அழுத்தினால் அதன் சாயம் கார்பெட்டில் ஏறும். கார்பெட்டின் சாயம் கழன்றாலும் வெள்ளைத் துணியில்தான் உடனே தெரியும்.

வேலைக்கு வறண்ட நாட்களாகத் தேர்ந்தெடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சென்னையில் கார்பெட்டை நனைத்தால் அது காய்வதற்குள் பூஞ்சை வாடை பிடித்துவிடும்.

2. என்ன நூல் என்று கண்டுபிடியுங்கள்

இதைத் தாண்டிப் போகவே கூடாது. ஒரு நூலுக்கு மருந்தாக இருப்பது இன்னொரு நூலை அழித்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் இரண்டு மூன்று நூல் முனைகளை வெட்டி எடுங்கள். டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தை விட்டு, நூலை விரலால் நன்றாக அமுக்கி நனைத்துவிட்டுக் கையை எடுங்கள். மேலே வந்து மிதந்தால் அது பாலிப்ரொப்பிலீன். அது தண்ணீரைவிட லேசானது. நைலான், பாலியஸ்டர், கம்பளி, விஸ்கோஸ் நான்கும் மூழ்கும். திரவம் விடாமல் செய்தால் நூலுக்குள் சிக்கிய காற்று எல்லாவற்றையும் மிதக்க வைத்து ஏமாற்றிவிடும்.

மூழ்கிய நூலைக் காயவைத்து, இடுக்கியில் பிடித்து, கழுவுதொட்டிக்கு மேலே வைத்துத் தீக்காட்டுங்கள். தலைமுடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் கம்பளி அல்லது அசல் பட்டு. காகிதம் எரிவது போல எரிந்து மெல்லிய சாம்பல் மிஞ்சினால் பருத்தி அல்லது விஸ்கோஸ். உருகிக் கெட்டியான உருண்டையாகச் சுருண்டால் நைலான் அல்லது பாலியஸ்டர். கறும்புகை அதிகம் வந்தால் பாலியஸ்டராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பருத்தியா விஸ்கோஸா என்று பிரிக்க இன்னொரு நூலை நனைத்து இழுங்கள். விஸ்கோஸ் நனைந்தால் வலிமையில் பாதியளவு இழந்துவிடும், சட்டென்று அறுந்து வரும். பருத்தி நனைந்தால் இன்னும் உறுதியாகும். கடைகளில் ஆர்ட் சில்க், பேம்பூ சில்க் என்ற பெயர்களில் பளபளப்பாக விற்கப்படுபவை பெரும்பாலும் விஸ்கோஸ்தான். உங்களுடையது விஸ்கோஸ் என்று தெரிந்தால், கீழே தண்ணீரும் நீராவியும் வரும் பகுதிகள் உங்களுக்கு இல்லை. உலர் சுத்தத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நனைந்த விஸ்கோஸ் பைல் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்து, மஞ்சளடித்துப் போகும். அதைப் பழைய மென்மைக்குக் கொண்டுவருவது மிகக் கடினம்.

பூவேலை உள்ள விரிப்பில் ஒவ்வொரு நிறத்தையும் தனியாகச் சோதியுங்கள். கம்பளி நிலத்தில் விஸ்கோஸ் பூக்கள் வைத்து நெய்வது வழக்கம்.

3. படுத்திருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா?

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான். எல்லாவற்றையும் “தேய்ந்துபோச்சு” என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறார்கள். காலடியில் கார்பெட்டுக்கு நேர்வது மூன்று வேறு வேறு பாதிப்புகள். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

முதலாவது அமுங்கல். கால் அழுத்தும்போது நூல் வளைகிறது, கால் எடுத்ததும் நிமிர்கிறது. ஒரே இடத்தில் இது நடந்துகொண்டே இருந்தால் நிமிரும் சக்தி குறைந்து, வளைந்தபடியே நின்றுவிடுகிறது. நூல் அப்படியே இருக்கிறது, நிலைதான் மாறியிருக்கிறது. இதைப் பெருமளவு திருப்ப முடியும்.

இரண்டாவது முறுக்கு அவிழ்தல். நூல் முனைகளை வெட்டிவிட்ட வெட்டு பைல் கார்பெட்டில் ஒவ்வொரு குச்சமும், அதாவது நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு நூல் கொத்தும், இரண்டு அல்லது மூன்று இழைகளை முறுக்கிச் செய்தது. செயற்கை நூலில் அந்த முறுக்கை ஆலையில் சூடு கொடுத்து நிலைப்படுத்துகிறார்கள். நடமாட்டத்தில் முனைகள் மெல்ல அவிழ்ந்து விரியும். விரிந்த முனைகள் பக்கத்துக் குச்சங்களோடு சிக்கிச் சடையாகும். நடைத்தடம் பஞ்சு மாதிரி தெரிவது இதனால்தான். நிமிர்த்தினால் பார்வைக்குச் சற்றுத் தேறும், ஆனால் அவிழ்ந்த முறுக்கு திரும்பாது.

மூன்றாவதுதான் அசல் தேய்மானம். மணல் துகள்கள் நூலை அறுத்து, நூலே குறைந்துபோவது. இதற்கு வைத்தியம் இல்லை.

எப்படிப் பிரித்தறிவது? சோபாவுக்கு அடியில் யாரும் மிதிக்காத இடத்தில் ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி, பைல் உயரத்தைப் பாருங்கள். பிறகு நடைத்தடத்தில் படுத்திருக்கும் குச்சத்தை விரலால் இழுத்து நிமிர்த்தி அளந்து பாருங்கள். உயரம் ஒன்றாக இருந்தால் அமுங்கல். குறைவாக இருந்தால் தேய்மானம். முனை விரிந்திருந்தால் முறுக்கு போய்விட்டது. டார்ச்சைத் தரையோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் எங்கிருந்து எங்கு வரை பாதிப்பு என்பது தெளிவாகத் தெரியும். வேலைக்கு முன் இந்த வெளிச்சத்திலேயே ஒரு படம் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் முடித்தபின் எவ்வளவு மாறியது என்று கண்ணால் சொல்ல முடியாது.

உண்மையில் நல்ல கார்பெட்டுகளில் நூல் தேய்ந்து தீர்வதற்கு வெகுகாலம் முன்பே அமுங்கலும் சடையும் அழகைக் கெடுத்துவிடுகின்றன. தூக்கி எறியப்படும் பல கார்பெட்டுகளில் நூல் முழுசாக இருக்கிறது. அதனால் அளந்து பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

4. தேய்மானம் மாதிரி தெரியும், ஆனால் தேய்மானம் இல்லாதவை

ஒரு திட்டு மட்டும் வெளிறியோ கறுத்தோ தெரிந்தால் அறையின் எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். வெளிறியது கறுத்தும், கறுத்தது வெளிறியும் மாறித் தெரிந்தால், பைல் அந்த இடத்தில் வேறு திசையில் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நூலின் பக்கவாட்டில் படும் ஒளி பளபளக்கும், முனையில் படும் ஒளி உள்ளே போய்விடும். இதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பயனில்லை.

கால் படாத இடத்தில், கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குப் பின்னாலோ, கம்பளி பைல் காணாமல் போயிருந்தால் அது பூச்சி அரித்தது. கம்பளியைத் தின்னும் அந்துப்பூச்சிப் புழுக்களும் கார்பெட் வண்டுப் புழுக்களும் இருட்டையும் அமைதியையும் தேடிப் போகும். முதலில் பூச்சிக்கு வழி பாருங்கள்.

கையால் டஃப்டிங் செய்த, அதாவது நெய்யாமல் துணியில் நூலைக் குத்தி இறக்கிச் செய்த விரிப்பைத் தூக்கும்போது அடியில் வெள்ளைப் பொடி கொட்டினால் அது வெளியிலிருந்து வந்த தூசி இல்லை. பின்துணியை ஒட்டிய லேடெக்ஸ் பசை நொறுங்குகிறது. அந்த விரிப்பை அடிக்கவோ, நன்றாக நனைக்கவோ கூடாது. குச்சங்களைப் பிடித்து வைத்திருப்பதே அந்தப் பசைதான்.

5. உலர்ந்த மண்ணை முழுக்க எடுங்கள்

கார்பெட்டில் இருக்கும் அழுக்கில் பெரும்பகுதி உலர்ந்த மண்ணும் தூசியும்தான். அது மேலே தெரியாது, குச்சங்களின் வேரில் போய் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு காலடியிலும் மணலின் கூர்முனை நூலைக் கீறும். கீறல் விழுந்த நூல் ஒளியைச் சிதறடித்துச் சாம்பல் பூத்தது போலத் தெரியும். அந்த மங்கலை எந்தச் சோப்பும் போக்காது.

கடலோர ஊர்களில் மணல், மற்ற ஊர்களில் செம்மண் என்று ஆளுக்கொன்று இருக்கிறது. வாசலில் போடும் கோலமும் இதில் சேரும். அரிசிமாவுக் கோலம் என்றால் பரவாயில்லை. கடையில் வாங்கும் கல்மாவுக் கோலப்பொடி காலோடு உள்ளே வந்தால் அதுவும் நூலைக் கீறும் துகள்தான்.

இந்த மண்ணை எடுக்காமல் தண்ணீர் ஊற்றினால் சேறாகி இன்னும் ஆழத்தில் இறங்கும். பிரஷ் போட்டால் உப்புத்தாளை வைத்துத் தேய்க்கும் வேலைதான் நடக்கும். தண்ணீருக்கு முன் இந்தக் கட்டத்தை முடிக்கச் சொல்வது அதனால்தான்.

தனியாக எடுக்கக்கூடிய விரிப்பாக இருந்தால் முதலில் கவிழ்த்துப் போடுங்கள். பின்பக்கத்தில் சுழலும் பிரஷோடு வேக்குவத்தை மெதுவாக ஓட்டுங்கள். அதிர்வில் வேரில் உள்ள மணல் தரையில் உதிரும். விரிப்பை எடுத்துத் தரையைக் கூட்டுங்கள், மறுபடி கவிழ்த்துப் போடுங்கள். மணல் உதிர்வது நிற்கும் வரை இதைச் செய்துவிட்டு, அப்புறம் பைல் பக்கத்துக்கு வாருங்கள். பசை நொறுங்கும் விரிப்பில் மட்டும் பின்பக்க வேலை வேண்டாம், முன்பக்கம் உறிஞ்சினால் போதும்.

பைல் பக்கத்தில் அவசரம் காட்டாதீர்கள். வேக்குவம் ஒரு இடத்தில் நின்று இழுத்தால்தான் வேர் வரை காற்று போகும். நீளவாக்கில் ஒருமுறை, குறுக்குவாக்கில் ஒருமுறை. வளையம் வளையமாக இருக்கும் லூப் பைலிலும், நீளமான கம்பளி பைலிலும் சுழலும் பிரஷை நிறுத்திவிடுங்கள். ஒரு வளையம் பிரஷில் மாட்டினால் வரிசையாக உருவிக்கொண்டு வந்துவிடும். கம்பளி பஞ்சு பஞ்சாகப் பிரியும்.

முடிந்ததா என்று தெரிய, விரிப்பின் ஒரு மூலையை மடக்கி, கீழே வெள்ளைத்தாள் வைத்து, பின்பக்கத்தை லேசாகத் தட்டுங்கள். தாளில் மணல் விழுந்தால் இன்னும் முடியவில்லை.

6. நடைத்தடத்தை மட்டும் கழுவுங்கள்

நம் வீடுகளில் வெறுங்காலோடு நடக்கிறோம். பாதத்தின் எண்ணெய்ப்பசை நூலில் ஏறுகிறது, வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் இருந்தால் இன்னும் கூடுதல். அந்தப் பசையில் தூசி ஒட்டி, குச்சங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுக்கின்றன. பசை போகாமல் நிமிர்த்தினால் நிற்காது.

கார்பெட்டுக்கென்று விற்கும் ஷாம்பூவை, புட்டியில் சொன்ன அளவுக்குமேல் போகாமல் கரைத்துக்கொள்ளுங்கள். ஈரமான வெள்ளைத் துணியை ஒரு மூலையில் சற்று நேரம் அழுத்திச் சாயம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் வீட்டில் செய்யாதீர்கள்.

சாயம் நின்றால், கரைசலைத் தெளியுங்கள், ஊற்ற வேண்டாம். ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு, துணியால் அழுத்தி ஒற்றி எடுங்கள். உறிஞ்சும் இயந்திரம் வாடகைக்குக் கிடைத்தால் நல்லது. பிறகு வெறும் தண்ணீர் தெளித்து மறுபடி ஒற்றுங்கள். இந்தக் கடைசி அலசலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நூலில் தங்கிய சோப்பு காய்ந்து பிசுபிசுப்பாகி, புதுத் தூசியை இழுத்துப் பிடிக்கும். தடம் சீக்கிரமே திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

துணி துவைக்கும் பவுடர் வேண்டவே வேண்டாம். அதன் காரம் கம்பளியைக் கெடுக்கும். பிளீச்சும் அப்படியே. கம்பளியை வெந்நீரில் நனைத்துத் தேய்ப்பதும் கூடாது. கம்பளி இழையின் மேல் செதில்கள் இருக்கின்றன. சூடு, ஈரம், உராய்வு மூன்றும் சேர்ந்தால் அவை ஒன்றில் ஒன்று பூட்டிக்கொண்டு நமுதாவாக, அதாவது பிரிக்க முடியாத கெட்டிக் கம்பளித் தகடாக இறுகிவிடும்.

7. நிமிர்த்துதல்

தடம் ஓரளவு ஈரமாக இருக்கும்போதே இதைத் தொடங்கலாம். சூடும் ஈரமும் நூலைத் தளர்த்தும். தளர்ந்த நூலை நிமிர்த்திப் பிடித்தபடி ஆறவிட்டால், ஆறும்போது இருந்த நிலையிலேயே அது நிற்கும். வேட்டிக்கு இஸ்திரி போட்ட மடிப்பு சூடு ஆறிய பின் நிலைப்பதும் இப்படித்தான்.

ஈரத் துணியைத் தடத்தின் மேல் விரியுங்கள். இஸ்திரிப் பெட்டியைத் துணியில் வைக்காமல், இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே பிடித்து நீராவியை விடுங்கள். சில விநாடிகள் போதும். துணியை எடுத்துவிட்டு, படுத்திருக்கும் திசைக்கு எதிராகப் பிரஷாலோ விரல்களாலோ கோதிவிடுங்கள். சிக்கு இருந்தால் நுனியிலிருந்து மெல்லப் பிரித்துக்கொண்டு வேருக்கு வாருங்கள். உடனே விசிறியை அந்தப் பக்கம் திருப்புங்கள். ஒரு கையகல இடம் முடிந்த பிறகே அடுத்த இடம்.

கம்பளியும் நைலானும் இதற்கு நன்றாக இணங்கும், இரண்டும் ஈரத்தை உள்ளே வாங்கக்கூடியவை. பாலியஸ்டர் ஈரத்தை வாங்குவதே இல்லை என்று சொல்லலாம், சூட்டுக்கு மட்டும் கொஞ்சம் இணங்கும். பாலிப்ரொப்பிலீன் தண்ணீரைத் தொடவே தொடாது. அது 160 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும், ஆனால் பருத்திக்கு வைக்கும் இஸ்திரிப் பெட்டியின் தட்டு 200 டிகிரி வரை போகும். தட்டு ஒரு நொடி பட்டாலும் பளபளவென்று உருகிய தழும்பு விழும். அதற்கு இஸ்திரிப் பெட்டியை எடுக்காதீர்கள். தலைமுடி உலர்த்தியைத் தள்ளிப் பிடித்து, மிதமான சூட்டில் கோதிவிடுங்கள். முழுக்க நிமிரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சோபா கால் பதிந்த குழிகளுக்கு ஐஸ்கட்டி வைக்கும் வழக்கம் இருக்கிறது. கம்பளி, நைலானில் அது பலிக்கும், மெதுவாக உருகி ஈரத்தை ஊட்டுகிறது. பின் ஒற்றி எடுத்துக் கோதிவிட வேண்டும். பாலிப்ரொப்பிலீனில் தண்ணீர் வீண்.

8. காய்கிற வரை யாரும் மிதிக்கக் கூடாது

இதற்குத் தனிப் பகுதி கொடுப்பதற்குக் காரணம் உண்டு. ஈரத்தில் தளர்ந்திருக்கும் நூலை ஒருவர் மிதித்தால் அந்த மிதித்த நிலையே நிலைத்துவிடும். அதுவரை செய்த வேலை முழுதும் போய்விடும். குறுக்கே நாற்காலி போட்டு வழியை அடையுங்கள். விசிறியும் ஏசியும் ஓடட்டும். 24 மணி நேரத்துக்குள் அடிவரை காய்ந்தாக வேண்டும். பின்துணியைத் தொட்டுப் பார்த்தபிறகே நடக்க விடுங்கள்.

9. மறுபடி படுக்காமல் பார்த்துக்கொள்ளுதல்

வாசலுக்கு வெளியே ஒரு மிதியடி, உள்ளே ஒரு மிதியடி. மண்ணைத் தடுப்பதைப்போல வேறெதுவும் ஆயுளைக் கூட்டுவதில்லை. வேக்குவம் போடும்போது அறை முழுதும் ஒரே மாதிரி ஓட்டாமல், தடத்துக்கும் திரும்பும் இடங்களுக்கும் அதிக நேரம் கொடுங்கள். நேராக நடக்கும் இடத்தைவிடக் கால் திருகித் திரும்பும் இடத்தில்தான் முறுக்கு சீக்கிரம் அவிழும்.

தனி விரிப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைமாற்றிப் போடுங்கள். சோபாவைச் சில அங்குலம் நகர்த்தினாலும் நடைவழி மாறும். சக்கரம் வைத்த மேசை நாற்காலிக்கு அடியில் தட்டையான பாய் கட்டாயம் வேண்டும்.

அடியில் போடும் அண்டர்லே மெத்தென்று இருந்தால் சொகுசு என்று தடிமனாக வாங்குகிறார்கள். அடி அதிகம் அமுங்கினால் கார்பெட்டும் அதோடு அதிகம் வளையும், பின்துணி தளர்ந்து அலையலையாகச் சுருங்கும். வீட்டுக்கு 11 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் தேவையில்லை. அழுத்தினால் தரை தட்டாத அளவுக்கு அடர்த்தியாக இருக்க வேண்டும்.

புதிதாக வாங்குபவர்கள் பைல் எடையைப் பைல் உயரத்தால் வகுத்துப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 1000 கிராம் நூல் 10 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் 100 வரும், அதே நூல் 20 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் 50தான். எண் கூடுதலாக இருந்தால் குச்சங்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். உயரமாக, புசுபுசுவென்று இருப்பது கடையில் கையை இழுக்கும், கூடத்தில் முதலில் படுப்பதும் அதுதான். பின்துணியையும் சேர்த்த மொத்த எடையைச் சொல்வார்கள், பைல் எடையைத் தனியாகக் கேளுங்கள். ஐரோப்பியத் தர வகுப்பு அச்சிட்ட கார்பெட்டுகளில் 21, 22, 23 வீட்டுக்கு, 31, 32, 33 வணிக இடங்களுக்கு. இரண்டாவது இலக்கம் கூடக் கூட அதிக நடமாட்டத்தைத் தாங்கும்.

10. நூல் போய்விட்டால்

அளந்து பார்த்தபோது உயரம் குறைந்து, பின்துணி எட்டிப் பார்த்தால் நிமிர்த்தும் வேலையில் நேரத்தைச் செலவிடாதீர்கள். சுவரோடு சுவர் பதித்த கார்பெட்டில் அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு துண்டை வெட்டி, தேய்ந்த இடத்தில் பொருத்தலாம். பைல் சாயும் திசை இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மாடிப்படியில் ஒவ்வொரு படியின் முன்விளிம்புதான் முதலில் தேயும். புதிதாகப் போடும்போதே மேல்முனையில் கொஞ்சம் நீளத்தை மடித்து விட்டிருந்தால், பின்னாளில் கார்பெட்டைக் கீழே நகர்த்தி, தேய்ந்த பகுதியைப் படியின் செங்குத்துப் பக்கத்துக்குத் தள்ளிவிடலாம்.

அலுவலகங்களில் இருக்கும் கார்பெட் டைல்களில் இந்த வேலை மிகச் சுலபம். நடைவழி டைல்களை மேசைக்கு அடியில் உள்ளவற்றோடு மாற்றிவிடலாம். ஓரங்கள் பிரிந்து தொங்கும் அளவுக்கு விட்டுவிடாமல், மங்கத் தொடங்கும்போதே மாற்றுங்கள். ஒவ்வொரு டைலின் பின்புறமும் ஒரு அம்புக்குறி இருக்கும். பக்கத்து டைல்களின் அம்பு எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் வையுங்கள், இல்லாவிட்டால் நல்ல டைலே திட்டாகத் தெரியும்.